அப்பா கிண்டிய உப்புமா

எனக்கு அப்போது பதினோரு வயது, தங்கைக்கு ஆறு. சேரப்பணஞ்சேரியில் எட்டு வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும் லைன் வீட்டில், கடைசி வீட்டில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ஒரகடத்தில் வண்டி உதிரிபாகக் கம்பெனியில் காலை ஷிப்ட். அம்மாவுக்கு சுங்குவார்சத்திரம் பக்கம் மதிய ஷிப்ட். அவர் வந்து இறங்கும்போது அவள் பஸ் ஏறியிருப்பாள். இருவருமே கம்பெனி கேன்டீனில் சாப்பிட்டுவிடுவார்கள். வீட்டில் சமைப்பது பெரும்பாலும் எங்கள் இரண்டு பேருக்காகத்தான்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் அப்பா உப்புமா கிண்டித் தட்டில் போட்டார். முதல் வாயிலேயே கரித்தது.

"வேணாம்ப்பா, ஒரே உப்பு."

"ஒரு சிட்டிகைதான் போட்டேன். சாக்கு சொல்லாம துன்னு."

அவர் சாப்பிடவில்லை. வழியில் டீக்கடையில் போண்டா தின்றுவிட்டு வந்திருந்தார். எதிரில் உட்கார்ந்து, நான் பாதியும் தங்கை முழுவதும் தின்னும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் தங்கை வாசற்படியில் நோட்டின் மேல் தலை சாய்த்துப் படுத்திருந்தாள். உதடு இரண்டும் நாவல்பழம் தின்றாற்போல் இருந்தன. எனக்கு ஒன்றுகூட வைக்காமல் தின்றுவிட்டாளே என்று கோபம் வந்தது.

"யாருடி குடுத்தாங்க?"

அவள் பதில் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்தேன். நகங்களும் அதே நிறம். பிறகுதான் என் நகங்களைப் பார்த்தேன்.

அப்பா எங்களைப் பக்கத்து வீட்டுக்காரரின் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஓடினார். அரசு ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் எடுத்தார்கள். ஊசிக்குள் ஏறிய ரத்தம் சிவப்பாக இல்லை, டிகாஷன் மாதிரி பழுப்பாக இருந்தது. டாக்டரம்மா அதை டியூப் லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "என்னய்யா குடுத்த புள்ளைங்களுக்கு?"

எங்களுக்கு நீல நிறத்தில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். மறுநாள் காலை தங்கை பச்சை நீலமாக ஒன்றுக்குப் போனாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, உள்ளார பூரா நான் இந்தக் கலரா?"

அன்றைக்கே ஒரு பெண் போலீஸ் வந்து என் கட்டில் ஓரம் உட்கார்ந்தார். பேச்சில் அத்தனை கனிவு.

"அப்பா சாப்ட்டாரா பாப்பா?"

"இல்ல."

"நீ வேணாம்னு சொன்னியா?"

"சொன்னேன். திட்டித் துன்ன வச்சாரு."

"அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சண்டை ஏதாச்சும்?"

முந்தின ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். அம்மா வேலையை விட வேண்டும் என்று அப்பா கத்தினார். முடியாது என்றாள் அம்மா. அப்போது அப்பா சொன்னது எனக்கு அப்படியே நினைவிருந்தது. அதையும் சொன்னேன்: "மூணு பேருக்கும் வெஷத்த வச்சுட்டு நானும் போய்ச் சேர்றேன்னாரு."

நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. அதை இன்றும் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா வார்டு ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பி வழியாகக் கையாட்டினார். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். மறுபடி பார்த்தபோது ஜன்னலில் ஆள் இல்லை. சட்டியில் மிஞ்சியிருந்த உப்புமாவையும் அவரையும் ஒரே ஜீப்பில் கொண்டுபோனதாகப் பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்னாள். அம்மா அழவில்லை. "அந்த ஆளு வேணாம் இனிமே" என்று மட்டும் சொன்னாள்.

நான்காம் நாள் வீட்டுக்கு வந்தோம். லைன் வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று பார்த்தார்கள், யாரும் கிட்டே வரவில்லை. அம்மா சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள். அப்பா கை பட்ட எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது. அரிசி, பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினாள். பாதி தீர்ந்திருந்த கேன் தண்ணீரைக்கூடச் சாக்கடையில் கவிழ்த்தாள். ஒவ்வொரு பாத்திரத்தையும் தேய்த்து வெயிலில் வைத்தாள். கடையிலிருந்து புதிதாக எல்லாம் வாங்கி வந்து, பின்பக்கம் இருந்த நீல டிரம்மில் தண்ணீர் மொண்டு கஞ்சி வைத்தாள்.

நான் கஞ்சியை வாயில் வைத்தேன். அதே கரிப்பு.

கீழே வைத்துவிட்டேன். சொல்ல வாய் வரவில்லை. தங்கை பசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் கிண்ணத்தை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆவதற்குள் உதட்டில் அந்த நிறம் ஏறத் தொடங்கியது, துணியில் மை ஊறுவதுபோல ஓரத்திலிருந்து நடுவுக்கு.

அப்பா ஸ்டேஷனில் இருந்தார். வீட்டில் அம்மாவும் நாங்களும் மட்டும்தான்.

நான் அம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அது என்ன பார்வை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கரண்டியைப் பிடித்திருந்த தன் கையையே வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நான் இல்லடி," என்றாள். "நான் ஒண்ணும் போடலடி."

ஆஸ்பத்திரியில் அதே டாக்டரம்மா. "இன்னிக்கி யாரும்மா சமைச்சது?"

"நான்தான்."

"என்னென்ன போட்ட?"

"எல்லாமே புதுசு டாக்டர். இன்னிக்கித்தான் வாங்கனேன்."

அவர் தங்கையின் நகத்தை அழுத்திப் பார்த்தார். "தண்ணி?"

குழாயில் தண்ணீர் வாரக்கணக்கில் சரியாக வராததால், வாலாஜாபாத் ரோட்டுப் பழைய இரும்புக் கடையில் அந்த வாரம்தான் அப்பா ஒரு டிரம் வாங்கி வந்திருந்தார். ஏதோ கம்பெனி கழித்துக் கட்டியது. அடியில் வெள்ளையாகப் படிந்திருந்ததை உப்புத்தண்ணிக் கறை என்று நினைத்துக் கழுவியிருக்கிறார். அது இரும்பு துருப்பிடிக்காமல் இருக்கப் போடும் ரசாயனமாம். பார்க்கவும் உப்பு, ருசியும் உப்பு. உப்புமா கிண்டிய அன்று கேன் காலி, புதுக் கேன் வந்தது அதற்குப் பிறகுதான். அதனால் டிரம்மில் மொண்டிருக்கிறார். அவரிடம் எதையெதையோ கேட்டவர்கள் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. அவருக்கும் தோன்றவில்லை.

அப்பா வெளியே வந்தபோது இடது காதில் சரியாகக் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. யார் என்ன சொன்னதால் அழைத்துப்போனார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனால் எங்களுக்கு எதையும் கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டார். பிஸ்கட் வாங்கி வந்தால் பிரிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

பிறகு வாலாஜாபாத்துக்குக் குடிபோனோம். ஒரு மழைக்காலத்தில் அம்மா காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டாள். நான் பரீட்சை முடிந்து மத்தியானம் வந்தபோது அப்பா அடுப்படியில் நின்றிருந்தார். அந்த வீட்டில் அவரை அங்கே பார்த்தது அதுதான் முதல்முறை. சோறும் ரசமும் வைத்திருந்தார். நாங்கள் தட்டு எடுத்து உட்கார்ந்தோம். அவர் எங்களுக்குப் போடவில்லை. தனக்குப் போட்டுப் பிசைந்து, கடைசிப் பருக்கைவரை சாப்பிட்டார். கை கழுவி வந்து, பத்து விரலையும் மடிமேல் விரித்து வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே உட்கார்ந்தார்.

"இருங்க," என்றார். "அரை மணி நேரம் போவட்டும்."

பசி வயிற்றைக் கிள்ளியது. 'பரவால்லப்பா, போடு' என்று நான் சொல்லியிருக்கலாம். தங்கையும் சொல்லியிருக்கலாம். மூன்று பேரும் அவருடைய நகங்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.