ஒரே பேனாவில் ஏழு நாள்

தன்னையே காயப்படுத்திக்கொள்கிறவர்களுக்கான டி.பி.டி. சிகிச்சையை எங்களுக்குக் கற்றுத்தரும் பயிற்சி, தூத்துக்குடியில் உப்பு லாரிகள் ஓடும் துறைமுகச் சாலையில், ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்தது. நோயாளி தினமும் நிரப்பவேண்டிய மனநிலை அட்டையை முதலில் நாங்களே ஒரு வாரம் நிரப்பி வரவேண்டும். மனநல மருத்துவனான நான் ஏழு நாளையும், அட்டையைக் காட்டவேண்டிய நாளன்று டீ இடைவேளையில், ஒரே பேனாவில் நிரப்பினேன். இதே காரியத்துக்கு எத்தனை நோயாளிகளிடம் எரிந்து விழுந்திருக்கிறேன்!

பக்கத்து நாற்காலியில் சாத்தான்குளத்திலிருந்து வந்த நர்ஸ். ஒல்லியானவர், நரை ஓடிய தலை. பேசும் முன் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். அவருடைய அட்டையில் குழம்புக் கறை, நாளுக்கொரு மை.

"என்ன சிஸ்டர், கலர் கலரா இருக்கு?"

கண்ணாடியைத் துடைத்தார். "கையில கெடச்ச பேனால அன்னன்னைக்கே எழுதிருவேன் சார். பெறவு மறந்து போயிரும்லா."

'சாகவேண்டும் என்ற எண்ணம்' என்ற வரிசையில், செவ்வாய்க்கிழமைக்கு, ஐந்துக்கு நான்கு என்று எழுதியிருந்தார். என் அட்டையில் அந்த வரிசை முழுக்கப் பூஜ்யம். துடைத்த கண்ணாடியை மாட்டாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையெழுத்து அழகா இருக்கு" என்றேன்.

"தேங்க்ஸ் சார்" என்று அட்டையை மடித்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது.