எங்கள் பேட்ச்சின் நூறு சதவீதம்

இன்று பல்லாவரம் சிக்னலில் பஸ் நின்றபோது, பக்கத்து சீட்டுப் பெண் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

லட்சுமி! ஒன்பதாவதில் என் பெஞ்ச். வீட்டில் தெலுங்கு, அப்பாவுக்குத் தோல் கம்பெனியில் வேலை. தமிழ் எழுதத் தடுமாறுவாள். பத்தாவது ரிசல்ட் கெட்டுவிடும் என்று தொண்ணூற்றிரண்டாம் வருஷம் பள்ளியில் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

ஜன்னலுக்கு வெளியே எங்கள் பள்ளியின் பேனர்: 'நூறு சதவீதத் தேர்ச்சி.'

"நம்ம பேட்ச்சும் நூறுதான?" என்றாள்.

"ஆமாடி. எல்லாருக்கும் சில்வர் டம்ளர் கொடுத்தாங்க." பெருமையாகவே சொல்லித் தொலைத்தேன்.

"நான் இருந்திருந்தா உங்களுக்குக் கெடச்சிருக்காதுல்ல" என்றாள். சிரிக்கவில்லை.

அந்த டம்ளரில்தான் இன்றும் காபி குடித்தேன்.

உங்கள் பள்ளியும் நூறு சதவீதமா? யாரை அனுப்பினார்கள்?