தெற்கே திரும்பிய காற்று

வங்கக் கடலில் எங்கோ ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று டி.வி.யில் சொல்லிவிட்டால் போதும், மந்தாரக்குப்பத்துத் தனத்துக்குச் சோறு இறங்காது. 'கடல் எங்க கெடக்கு, நாம எங்க கெடக்கோம்' என்று தெருவே சிரிக்கும். சிரிக்கட்டும். பட்டவளுக்குத்தானே தெரியும்.

புருஷன் கொளஞ்சிநாதன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவர். பல வருஷத்துக்கு முந்தி வந்த புயலில், விடியவிடியக் கூரையைப் பிய்த்த காற்று காலையில் சட்டென்று நின்றது. புயல் போய்விட்டது என்று நினைத்து, அசந்து தூங்கியவரை எழுப்பி, டிபன் பாக்ஸைக் கையில் கொடுத்து ஷிஃப்டுக்கு அனுப்பினாள் தனம். அது புயலின் நடுக்கண் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? வடக்கேயிருந்து அடித்த காற்று தெற்கேயிருந்து திரும்பி வந்தது. டவுன்ஷிப் சாலையில் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தவர்மேல் ஒரு புளியமரம் சாய்ந்தது; அதோடு போய்ச் சேர்ந்தார். எழுப்பியதை மட்டும் அவள் இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இந்தக் கார்த்திகையிலும் ஒன்று கிளம்பியது. சென்னைக்கு என்றார்கள், நாகப்பட்டினத்துக்கு என்றார்கள், கடைசியில் கடலூர்ப் பக்கம் திரும்பியது. டி.வி. படத்தில் அந்த வட்டம் நகர நகர, வாசலில் யாரோ சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிடும் சத்தம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. வீட்டில் சைக்கிளே கிடையாது.

மகன் பாலகுமாரும் அதே மைன்ஸ், அதே கான்ட்ராக்ட். அன்று மத்தியான ஷிஃப்ட். வெளியே காற்று ஊளையிட, இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தான்.

"காத்து நின்னா எழுப்பி வுடும்மா."



உச்சிப்பொழுதில் காற்று நின்றது. எதிர்வீட்டு ஜுலைகா வாசலுக்கு வந்தாள். "புயல் போயிடுச்சுக்கா. தம்பி இன்னும் தூங்கிக்கினா இருக்கு?"

"நீ உள்ள போ ஜுலைகா. புள்ளைங்கள வெளிய வுடாத."

கதவைத் தாழிட்டு, அவனுடைய போனை அணைத்துவிட்டு, தலைமாட்டில் உட்கார்ந்தாள். வாசலில் மறுபடியும் ஸ்டாண்ட் சத்தம். போய்த் திறக்கச் சொல்லிக் கால் துடித்தது. பாலகுமார் புரண்டு படுத்தான். எங்கே விழித்துவிடுவானோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு தெற்கேயிருந்து அது வந்தது. தெருமுனை வேப்பமரம் சாலையில் விழுந்த அதிர்வில் அவன் பதறி எழுந்தான். மணியைப் பார்த்தான்.

"ஷிஃப்டு போச்சே. ஏம்மா எழுப்பல? சொல்லிட்டுத்தான படுத்தேன்?"

தனம் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கப்பாவ எழுப்பினேன்டா," என்றாள். "நான்தான் எழுப்பினேன்."