சாமிக்கு வைத்த ரம்பம்

எழுபதுகளின் கடைசியில் தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தேன். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு தேயிலை நிரைகளுக்கு நடுவே களைக்கு மருந்தடிக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அந்தப் பக்கம் மருந்து போகும். கேமரன் மலைக் காற்றுக்கு என் மூஞ்சி மேல்தான் ஆசை. வீட்டுக்கு வந்தால் சோறு கசக்கும், இருமல் நெஞ்சைப் பிடுங்கும். "இந்த எழவு வேலைய விட்டுத் தொலைங்களேன்" என்று என் மனைவி தினமும் அழுவாள். எங்கே போவது? வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை நடத்தும் துரை ஒரு முடிவு செய்தார். தோட்டத்து ஓரத்தில் காற்றுக்குத் தடுப்பாக நின்ற கிழட்டு மரங்களைச் சாய்த்து ஃபேக்டரி அடுப்புக்கு விறகாக்க வேண்டும். சொந்தமாகச் செயின்சா என்ற மிஷின் ரம்பம் வைத்திருப்பவனுக்கு அந்த வேலை, பிறகும் விறகு வெட்டு அவனுக்கே. கணக்கெழுதும் கிராணி என்னிடம், "விஜயதசமி அன்னைக்குக் காலையில ரம்பத்தோட வந்து நில்லு. உன் பேரப் போட்டுடறேன்" என்றார். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைத்தாள் மனைவி.

தானா ராத்தா டவுனில் ஒரு மளிகைக் கடைச் சுவரில் அட்டை ஒட்டியிருந்தது. கம்போங் ராஜாவில் ஒரு காய்கறித் தோட்டக்காரர், பழைய செயின்சா இரண்டு விற்கிறார். எனக்குக் கோடாலி தெரியும், செயின்சா பற்றி என்ன தெரியும்? ஆனால் என் மனைவியின் அண்ணன் முன்பு பலகைக் கம்பெனியில் மரம் வெட்டியவன். கல்யாணம் ஆகாதவன், மூன்று வேளையும் சோறு எங்கள் வீட்டில்தான். "கவலைய விடுலா மாப்ளே. நான் காலையிலயே போயி பாத்து வைக்கிறேன், நீ அடுத்த பஸ்ஸுல வா" என்றான். மச்சான் தயவு இருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்பார்கள். நான்தான் ஏற்கெனவே மலையில் இருந்தேனே, எனக்கு எதற்கு அந்தத் தயவு?

நான் போனபோது கொட்டகையில் இரண்டு ரம்பமும் தரையில் இருந்தன. ஒன்று துடைத்துப் பளபளவென்று. இன்னொன்று எண்ணெயும் மரத்தூளும் அப்பி, எருமை மாதிரி. எனக்கென்னவோ அந்த அழுக்கு ரம்பத்தின் மேல்தான் கண் போனது. உழைத்த சாமானுக்கு ஒரு களை உண்டு. குனிந்து அதைத் தூக்கப் போனேன். மச்சான் என் கையைப் பிடித்து விலக்கினான். "அது செத்த சாமான் மாப்ளே, இதப் பாரு" என்று பளபளப்பு ரம்பத்தின் கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தான். பட்டென்று எழும்பிக் கத்தியது. தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. "காலையில ஓட்டிப் பாத்தேன்ல" என்றான். பாவம், எனக்காக இவ்வளவு சிரமப்படுகிறானே என்று நினைத்தேன்.

பணத்தை வாங்கிக்கொண்டு தோட்டக்காரர் மலாயில் ஒன்றே ஒன்று சொன்னார், எனக்கும் புரிந்தது: பிடிக்கவில்லையென்றால் நாளை சாயங்காலத்துக்குள் கொண்டு வா, திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

நாளை ஆயுத பூஜை.

இருட்டும்போது லயத்துக்கு வந்து சேர்ந்தோம். ஓட்டிப் பார்க்கலாம் என்று ரம்பத்தை வாசலில் வைத்தேன். அதற்குள் மச்சான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "தங்கச்சி, சந்தனம் கொண்டா. தொடச்சி சாமிகிட்ட வையி."

"மச்சான், நாளைக்குள்ள பாக்கணும்னு சொன்னாரே?"

"அட, சாமிய விட உனக்கு ரம்பம் பெருசா போச்சா? படைச்ச சாமான மறுநாள்தான் எடுக்கணும். தெரியாதா உனக்கு? நான்தான் இழுத்துப் பாத்துட்டேன்ல!"

ரம்பத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கத்தி, மண்வெட்டி, பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், நடுவில் ராஜா மாதிரி செயின்சா. விஜயதசமி விடியும்வரை அது சாமி சாமான். யார் கை வைப்பார்? மறுநாள் கோயில் பூஜைக்கு மச்சான் வரவில்லை. தலைவலி என்று சொல்லி அனுப்பினான்.

விஜயதசமி விடியலில் மரத்தடியில் நின்றேன். பனி இறங்கி எல்லாம் சில்லென்று இருந்தது. கயிற்றை இழுத்தேன். இழுத்தேன். தோள் கழன்றுவிடும்போல இழுத்தேன். ஒரு முனகல்கூட இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிராணி கடிகாரத்தைப் பார்த்தார்.

ரம்பத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கம்போங் ராஜாவுக்கு ஓடினேன். தோட்டக்காரர் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். "குளிரில் இது எழும்பாது என்று உன் மச்சானிடம் முதலிலேயே சொன்னேனே? அவன்தான் அரை மணி நேரம் போராடிச் சூடாக்கினான். நேற்று வந்து மற்ற ரம்பத்தை வாங்கிக்கொண்டு போனானே, உன்னிடம் சொல்லவில்லையா?" நேற்றே வந்திருந்தால் திருப்பி எடுத்திருப்பேன் என்றும் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த ஆள் சொல்ல வேண்டியதைச் சொல்லியிருந்தார், சொல்லக் கூடாதவனிடம்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போதே சரிவிலிருந்து சத்தம் கேட்டது. அழுக்கு எருமை கத்துகிறது. முதல் மரம் சாய்ந்து கிடந்தது. மச்சான் என்னைப் பார்த்து ரம்பத்தை நிறுத்தினான்.

"வேல சும்மா கெடக்குதுன்னு கிராணி கூப்புட்டாரு மாப்ளே. யாரு வெட்டுனா என்னா, நம்ம குடும்பத்துக்குள்ளதானே?"

குடும்பமாம்! என் சோற்றைத் தின்று, என் இருமலைத் தினமும் கேட்டவன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். சாமியைச் சாட்சிக்கு வைத்து அறுத்ததை அன்றுதான் பார்த்தேன். அடிக்கக் கை ஓங்கினேன். இருமல் வந்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து இருமினேன். மறுநாள் மருந்துப் பம்பு மறுபடியும் முதுகில் ஏறியது.

அவன் எங்கள் வீட்டுக்கு வருவது நின்றது. அடுத்த ஆயுத பூஜைக்கு மட்டும், ஒன்றும் நடக்காதவன்போல, ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். வருடா வருடம் அவன் சாமானுக்குப் பொட்டு வைப்பது தங்கைதான். "வையி தாயி" என்றான்.

வைக்க மாட்டாள் என்று நினைத்தேன். வைத்தாள். சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப்பூ, எல்லாம் முறையாக. பொரித் தட்டை அவனிடம் நீட்டியபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"படைச்ச சாமான மறுநாள்தான் எடுக்கணும்ணே. உனக்குத்தான் தெரியுமே."

உள்ளே நான் இருமிக்கொண்டிருந்தது அவனுக்கும் கேட்டிருக்கும். தட்டைத் தொடாமல் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான். எனக்கு அது போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.