சுக்குக் கிடங்கின் பதினோரு படங்கள்

ரம்லத்துக்கு மறதி கிடையாது. நாத்தனார் வீட்டுக் கல்யாணத்தில் தன் தட்டில் மட்டும் கோழிக் கழுத்தை வைத்தது யார் என்று இருபத்தாறு வருஷம் கழித்தும் சொல்வாள். சண்டைக்குப் போகமாட்டாள். அந்த ஆள் வீட்டுக்கு விருந்துக்கு வரட்டும் என்று காத்திருப்பாள். வந்தார், ஒருநாள். நோன்புப் பெருநாளன்று. ஐந்து வகைக் கறி வைத்து, அவர் தட்டில் கழுத்தைப் போட்டு, "உங்களுக்குப் பிடிக்குமேன்னு" என்று சிரித்தாள். அதோடு அந்தக் கணக்கு முடிந்தது. பிறகு அவரோடு நல்ல உறவுதான்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், காயல் பக்கம் முதுகைக் காட்டி நிற்கும் அந்தப் பழைய பண்டகசாலைக்குள் அவள் முதலில் நுழைந்தது பதினேழு வயதில், முறத்தோடு. சுக்குப் புடைக்கிற வேலை. நடுமுற்றத்தில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முழங்காலைத் தூக்கி அதன்மேல் முறத்தைச் சாய்த்து, சுண்ணாம்பில் முக்கிக் காய்ந்த சுக்கைத் தட்டித் தட்டித் தூசி போக்குவார்கள். சாயங்காலம் வீடு போகும்போது எல்லோருக்கும் ஒரே தலைமுடி, வெள்ளை. சின்னப் பெண்ணும் கிழவியும் படகுத்துறையில் ஒன்றாக நின்றால் யாருக்கு என்ன வயதென்று தெரியாது.

பதினோரு வருஷத்துக்கு முன் கிடங்கு மூடிப்போனது. அடுத்த வருஷமே படம் வரைகிறவர்களும் களிமண் பிசைகிறவர்களும் பொம்மலாட்டக்காரர் ஒருவரும் சேர்ந்து அதை வாடகைக்கு எடுத்தார்கள். கம்பெனிப் பணம் வேண்டாம், அரசாங்கப் பணம் வேண்டாம், நாமே நடத்துவோம் என்று பேச்சு. எந்தத் தூண் ஆடும், எந்த ஓடு ஒழுகும், எந்த மாதம் காயல் தண்ணீர் பின்கதவு வரை ஏறும் என்று அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. ரம்லத்துக்குத் தெரிந்தது. அதனால் சாவிக்கொத்து அவளிடம் வந்தது. கூட்டுவது, பூட்டுவது, பதினெட்டு அறைக்கும் டீ போடுவது எல்லாம் அவள். வந்தவர்கள் அவளை அக்கா என்கிற அர்த்தத்தில் "இத்தா" என்றார்கள். அவளுக்குப் பாதிப் பேரைப் பிடித்திருந்தது. அவர்கள் செய்கிற பொருளில் கால்வாசி புரிந்தது.

அவள் மகள் நுசைபாவுக்கு எல்லாம் புரிந்தது.

கிடங்கு கிடங்காக இருந்த காலத்திலேயே அந்தப் பெண் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக முற்றத்துக்கு வந்து மூட்டைமேல் உட்கார்ந்துகொள்வாள். பாடம் எழுதுகிறாள் என்றுதான் ரம்லத் நினைத்திருந்தாள். நோட்டைப் பிரித்துப் பார்த்தால் கைகள். புடைக்கிற கை, பொறுக்குகிற கை, மூக்கைத் துடைக்கிற கை. முகமே கிடையாது. ஆனாலும் எது யார் கையென்று நாற்பது பேரும் விரல் வைத்துச் சொன்னார்கள்.

அந்த நோட்டுகளில் இரண்டைத்தான் சசாங்கன் சார் வாங்கினார். மாடியில் மூலை அறைக்காரர். மரத்தில் யானையும் முகமூடியும் செதுக்கிக்கொண்டிருந்தவர். "மோளே, நிதானமாப் பாத்துட்டுத் தர்றேன்" என்றார். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய கலைஞர் தன் நோட்டைக் கேட்டார் என்று வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் திரிந்தாள். நோட்டு திரும்பி வரவில்லை. கேட்டபோதெல்லாம் "எங்கயோ வெச்சேன், தேடணும்" என்பார்.

நாலு வருஷம் கழித்து, கண்காட்சி. ஆளுயரக் காகிதத்தில் கரிக்கட்டியால் வரைந்த படங்கள். எல்லாம் கைகள். கீழே சசாங்கனின் கையெழுத்து. எர்ணாகுளத்திலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்திருந்தார்கள். நுசைபா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள்.

"சார், இது என் நோட்டுல இருக்கறது."

அவர் கோபப்படவில்லை. அவள் தோளில் கை வைத்துக் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார். "நம்ம இத்தாவோட பொண்ணு. என் ப்ரஷ்ஷெல்லாம் கழுவித் தருவா. பாத்துப் பாத்து அவளும் இந்த மாதிரியே வரைய ஆரம்பிச்சுட்டா. நல்ல விஷயம்தானே?"

கூட்டம் செல்லமாகச் சிரித்தது. யாரோ கைகூடத் தட்டினார்கள். ரம்லத் பின்னால் டீத் தட்டோடு நின்றிருந்தாள். பன்னிரண்டு கிளாஸையும் கூட்டத்துக்குக் கொடுத்து முடித்தாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

நுசைபா அதன் பிறகு பென்சிலைத் தொடவில்லை. அந்த வருஷமே ஷார்ஜா போய் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட உட்கார்ந்தாள். உம்மாவும் வேலையை விட்டுவிடுவாள் என்று அக்கம்பக்கத்தில் எதிர்பார்த்தார்கள். ரம்லத் விடவில்லை. மறுநாள் காலை சசாங்கன் சாருக்கு டீ கொண்டுபோய் வைத்தாள். ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை, இஞ்சி தட்டிப் போட்டது. மூன்று வருஷமாக ஒருநாள்கூட அந்த டீயில் குறை வைத்ததில்லை. வஞ்சம் வைத்திருக்கிறவள் சர்க்கரையைக் குறைத்துக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்தக் கட்டடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அறையைப் பிடித்துப் பூட்டிவைத்து வெள்ளைக்காரர்களுக்கு உள்வாடகைக்கு விடுகிறவர்கள் வந்துவிடக்கூடாது என்று ஆரம்பத்திலேயே வைத்தது. கதவு திறந்த நாள் என்று ஜனவரியில் ஒருநாள் வரும். அன்றைக்கு எல்லோரும் முற்றத்துக்கு இறங்கி, எந்த வேலையைச் சொல்லி அறை வாங்கினார்களோ அந்த வேலையை ஊர் பார்க்கச் செய்யவேண்டும். காகிதமோ களிமண்ணோ கட்டடம் தரும். வீட்டிலிருந்து செய்துகொண்டு வரக்கூடாது. மூன்று வருஷம் தொடர்ந்து உட்காராதவர் சாவியைத் திருப்பித் தரவேண்டும்.

கண்காட்சியில் பெயர் வந்த கையோடு சசாங்கன் சார் பதிவேட்டில் 'மரச் சிற்பம்' என்பதை அடித்து 'ஓவியம்' என்று தானே மாற்றி எழுதியிருந்தார். முதல் வருஷம் மணிக்கட்டில் கட்டு. இரண்டாம் வருஷம் டெல்லியில் வேலை. இது மூன்றாவது.

"இந்தத் தடவை உக்காந்துடுவார் இல்ல, சேச்சி?" என்று ரம்லத் வசுமதியிடம் கேட்டாள். வசுமதி சட்டிபானை செய்கிற கொங்கணிக்காரி. அந்த வருஷக் காரியதரிசி.

"உக்காந்துதான் ஆகணும். ஏன் இத்தா?"

"இல்ல, அவர் படமெல்லாம் முற்றத்துல சுத்தி மாட்டிடலாமே, வர்றவங்க பாப்பாங்கன்னு."

"அட, நல்ல யோசனை!"

சசாங்கன் சாரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். புகழ்ச்சி என்றால் மனிதர் ஓணச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்தவர் மாதிரி ஆகிவிடுவார்.

கதவு திறந்த நாளன்று காலை அவர் குளிக்கப் போனபோது ரம்லத் அறையைக் கூட்டினாள். மேஜையில், அன்றைய ஒத்திகைக்காக, இரண்டு நோட்டுகளும் விரித்தபடி கிடந்தன. அட்டையில் நுசைபா, எட்டாம் வகுப்பு பி. சசாங்கன் சார் அந்த அட்டையைக்கூடக் கிழித்தெறியவில்லை. அந்த அலட்சியம்தான் அவளுக்கு எரிந்தது. இரண்டையும் முந்தானைக்குள் செருகிக்கொண்டு அறையைச் சுத்தமாகக் கூட்டி முடித்து, குப்பையை அள்ளிக்கொண்டு இறங்கினாள்.

பத்து நிமிஷத்தில் ஈரத் தலையோடு வந்து நின்றார்.

"இத்தா, என் ரூம்ல ஒண்ணு காணோம்."

"அல்லாவே! என்ன சார் காணோம்? சொல்லுங்க, தேடித் தர்றேன்."

"ஒரு நோட்டு. ரெண்டு நோட்டு."

"எப்படி இருக்கும்? அட்டைல பேர் ஏதாச்சும் போட்டிருக்கா?"

அவர் அவளைப் பார்த்தார். அவள் டீ வடிகட்டியைத் தட்டிக்கொண்டே பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இல்ல. வேணாம், விடுங்க" என்றார்.

"பேர் தெரியாம எப்படித் தேடறது, சொல்லுங்க" என்றாள் ரம்லத், முதுகைப் பார்த்து.

பிற்பகல் மூன்று மணிக்கு முற்றம் நிறைந்தது. பஜார்க்காரர்கள், காலேஜ் பிள்ளைகள், கேமரா தொங்கப்போட்ட வெளியூர்க்காரர்கள். முன்வரிசையில் பழைய புடைப்புக்காரிகள் எட்டுப் பேர். அரிசிப் பத்திரி சுட்டு வைத்திருக்கிறேன், வாங்க என்று ரம்லத் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தாள். சுற்றிலும் பதினோரு படங்கள். எட்டுப் பேரும் வந்ததும் வராததுமாக, "அது என் கை", "போடி, வெள்ளச்சி கை அது, மோதிரத் தழும்பு பாரு" என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

சசாங்கன் சார் வெள்ளைக் காகிதத்தின் முன்னால் கரிக்கட்டியோடு நின்றார். மரம் என்றால் அவர் கை பேசும். காகிதத்தில் அது வாயடைத்துப் போனது. ஒரு மணி நேரத்தில் முறம் ஒன்று வந்தது. அதைப் பிடித்திருந்த இரண்டு கைகள் வந்தன. கெட்டிக்காரர்தான், தூரத்தில் நின்று பார்த்தால் குறை தெரியாது.

எட்டுப் பேரில் மூத்தவள் ஐஸும்மா. பல் இல்லை, கண் உண்டு. "மோனே," என்றாள் உரக்க, "டீத் தட்டையா பிடிச்சிருக்கா அவ?"

சிரிப்பு.

"கட்டைவிரல உள்ள விட்டிருக்கியே, சுண்ணாம்பு ஏறி மூணே நாள்ல நகம் கழண்டுடுமே! வெளிய நிக்கணும் கட்டைவிரல். துணி சுத்தி வெளிய நிக்கணும்."

"கலைஞனுக்குக் கொஞ்சம் சுதந்திரம் உண்டு, உம்மா" என்றார் அவர்.

"சுதந்திரம் உனக்கு மோனே, நகம் அவளுக்கில்ல போகுது!"

இப்போது முற்றமே சிரித்தது. யாருடைய கண்ணும் அந்தக் காகிதத்தில் நிற்கவில்லை. சுற்றியிருந்த படங்களுக்குப் போனது. பதினொன்றிலும் கட்டைவிரல் வெளியே நின்றது, துணி சுற்றி. வசுமதி கையில் ஒட்டிய களிமண்ணோடு எழுந்து வந்தாள். ஒவ்வொரு படமாகப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"சசி ஏட்டா, இதுல எல்லாம் சரியா இருக்கே. இன்னிக்கு எப்படித் தப்பு வந்துச்சு?"

ரம்லத் டீத் தட்டைக் கீழே வைத்தாள். மூன்று வருஷமாக அவள் பலவிதமாகப் பேசிப் பார்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும் அந்த நேரத்தில் தேவைப்படவில்லை. இரண்டு நோட்டையும் அவருடைய மேஜைமேல் விரித்து வைத்தாள். காலேஜ் பிள்ளை ஒன்று அட்டையைச் சத்தமாகப் படித்தது. பக்கம் பக்கமாகப் புரட்டி மாட்டியிருந்த படங்களோடு சேர்த்துப் பார்க்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

"காலைல கேட்டீங்களே சார், இதுதானா?"

அவர் வசுமதி காதில் கிசுகிசுத்தார். வசுமதி சங்கடமாக அவளைத் தனியே அழைத்தாள். "இத்தா, இதைக் கமிட்டில வெச்சுப் பேசிக்கலாம். உள்ள போய்."

"அன்னிக்கு உள்ள கூப்பிட்டாரா, சேச்சி? கூட்டத்துக்கு நடுவுல தோள்ல கை போட்டில்ல சொன்னார், என் பொண்ணு ப்ரஷ் கழுவறவன்னு. இங்கயே ஆகட்டும்."

"என்ன வேணும்ங்கறீங்க?" என்றார் சசாங்கன் சார். குரலில் பழைய செல்லச் சிரிப்பு இல்லை.

"உங்க பேரை அடிங்க. அவ பேரை எழுதுங்க. உங்க கையால. பதினொண்ணுலயும்."

டீத்தூள் டப்பாவில் பெயர் எழுதுகிற அழியாத பேனாவை எடுத்து நீட்டினாள். அவர் கூட்டத்தைப் பார்த்தார், உதவிக்கு. கூட்டம் நகர்ந்து வழிவிட்டது, முதல் படம் வரைக்கும். அவர் எழுதினார். ஐஸும்மா ஒவ்வொன்றுக்கும் எண்ணினாள், சின்னப் பிள்ளைக்கு எண் சொல்லிக் கொடுக்கிற மாதிரி. ஏழாவது படத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டு, "இத்தா, நானும் இந்தக் கிடங்கு ஆள்தானே, போதும்" என்றார். பாவமாகத்தான் இருந்தது. ரம்லத் பாவப்பட்டாள். பேனாவை எடுத்து மறுபடி அவர் கையில் கொடுத்தாள்.

பதினொன்றும் முடிந்ததும் சாவிக்குக் கை நீட்டினாள். 'ஓவியம்' என்று எழுதிவிட்டு வரையத் தெரியாதவருக்கு அறை கிடையாது. அவரே அதைக் கழற்றித் தந்தார். வசுமதியும் தடுக்கவில்லை.

கூட்டம் கலைந்து, எட்டுப் பேரும் பத்திரி தின்றுகொண்டிருந்தபோது நுசைபாவுக்குப் போன் போட்டாள். அவளுக்கு வேலைக்கு நடுவே கிடைக்கிற கால் மணி நேர ஓய்வு. சொன்னாள். நடந்ததைச் சுருக்கமாக, பதினொன்றையும் எண்ணி. அழப்போகிறாள் என்று நினைத்தாள் ரம்லத்.

"கை நடுங்கிச்சா உம்மா?"

"யாருக்கு?"

"அந்தாளுக்கு. எழுதும்போது."

"அஞ்சாவதுல ஆரம்பிச்சுது."

"அஞ்சாவதுலயா?" நுசைபாவின் குரலில் ஒரு ருசி ஏறியிருந்தது. "பதினொண்ணுதானா இருந்துச்சு? அன்னிக்கு நான் எண்ணினேன் உம்மா, பன்னண்டு."

ரம்லத் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு மாடிக்கு ஏறினாள். சசாங்கன் சார் உளிகளைத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், பன்னண்டாவது எங்க?"

அவர் நிமிரவில்லை. "வித்தாச்சு. ஆலப்புழைல ஒரு ஹோட்டல். வரவேற்பறைல மாட்டியிருக்கு."

"ஹோட்டல் பேரு?"

சொன்னார். அவள் அதை உள்ளங்கையில் அதே பேனாவால் எழுதிக்கொண்டாள். "திங்கக்கிழமை காலைல முதல் பஸ். நீங்களும் வர்றீங்க" என்றாள். "பேனா நான் கொண்டாறேன்."

"உம்மா," என்றது போன், "ஐஸும்மா என்ன சொன்னாங்க? முதல்லேர்ந்து சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு எனக்கு."

ரம்லத் படிக்கட்டில் வசதியாக உட்கார்ந்து முதலிலிருந்து ஆரம்பித்தாள்.