சோழி கட்டிய கச்சேரி

கச்சேரி ஏற்பாடு செய்கிறவனுக்குக் கச்சேரி காதில் விழாது. நாற்காலி இழுபடுகிற சத்தம்தான் விழும். ஊர் விழாவுக்குப் பந்தல் போட்டு, எல்லாரையும் உட்கார வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்று பழகியவர்களுக்கு இது புரியும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அரசின் விளம்பர அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பி.ஏ. முடித்த முதல் ஆள் நான். ஆறு மாத வேலை. அதற்கு மேல் நீட்டிப்பதும் வீட்டுக்கு அனுப்புவதும் அதிகாரி எழுதும் குறிப்பைப் பொறுத்தது. ஐந்தாம் மாதம், சென்னையில் படித்துக்கொண்டிருந்த மூன்று ஆப்பிரிக்க இசைக்கலைஞர்களை மூன்று ஊர்களில் வாசிக்க வைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

நோட்டீஸ்

மூவரும் மூன்று நாட்டவர். மாலியிலிருந்து வந்த மமாடு, பெரிய சுரைக்குடுக்கையில் இருபத்தொரு நரம்பு கட்டிய கோரா வாசிப்பவர். கானாக்காரரான கோஃபி, அரண்மனை முரசு அடிக்கும் பரம்பரை. ரொடீஷியாவின் டெண்டாய் வாசிப்பது ம்பிரா; பலகையில் பதித்த இரும்பு நாக்குகளைக் கட்டைவிரல்களால் மீட்ட வேண்டும். மூன்றும் தலைமுறை தலைமுறையாகக் கற்று வருகிற செவ்வியல் இசை என்றும், ஒன்றைப்போல் மற்றொன்று இராது என்றும் சென்னையிலிருந்து வந்த கடிதம் சொன்னது. அதை அப்படியே நோட்டீசுக்கு எழுதிக்கொண்டு போனேன்.

அதிகாரி மொத்தத்தையும் அடித்துவிட்டு, மேலே 'ஆப்பிரிக்க முரசு நடனம்' என்று எழுதினார். "இதுல யாரும் ஆடலைங்க சார்" என்றேன். அவர் சொன்னது இதுதான்: "நீ கூட்டத்தைச் சேருப்பா. வந்து உக்காந்தப்பறம் எந்திரிச்சா போயிருவாங்க?" மறுபடி சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்னவாசல்

பள்ளிக்கூட மைதானத்தில் நல்ல கூட்டம். மமாடு கோராவை மடியில் சாய்த்துக்கொண்டு மழைத்தூறல் போல ஆரம்பித்தார். அரை மணி ஆயிற்று. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டு, "ஆடுறவங்க இன்னும் வேஷம் கட்டிக்கிட்டிருக்காங்களா தம்பி?" என்று கேட்டார்.

ஆட்டம் இல்லை, இவர் தங்கள் ராஜாக்களின் வம்சத்தை முப்பாட்டன் காலத்திலிருந்து வரிசையாகப் பாடுகிறார் என்று விளக்கினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் துண்டை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரை கேட்டார். போகும்போது சொன்னார்: "நம்ம ஊர்ல வம்சத்தை எடுத்தா அடிதடியிலதான் முடியும். இந்த மனுசன் எம்புட்டு பதனமாச் சொல்றாரு பாருங்க."

பொன்னமராவதி

இங்கே கோஃபியின் நாள். டெண்டாய் இரும்பு மணியைத் தட்ட, கோஃபி முரசில் பேசினார். பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும். ஏற்ற இறக்கத்தோடு அது வாக்கியமாகவே கேட்டது.

எந்தக் கச்சேரிக்குப் போனாலும் தொடையில் தாளம் போடுகிறவர்கள் உண்டல்லவா? அப்படி இரண்டு கடைக்காரர்கள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தட்டும்போது மற்றவர் கை மேலே இருந்தது. "தாளம் விடுறீரு ஓய்" என்றார் ஒருவர். "நீரு முதல்ல எண்ணும்" என்றார் மற்றவர். குரல் உயரவே, சமாதானம் செய்ய ஓடினேன். அதற்குள் ஒருவருக்குப் பிடிபட்டுவிட்டது: "நீரு மணிக்குப் போடுறீரு, நான் முரசுக்குப் போடுறேன். ரெண்டு பேரையும் சேத்து உக்கார வச்சுத்தான் அவரு வாசிக்கிறாரு."

புதுக்கோட்டை: மைக் செட்

கடைசி நாள். ஆறு மணிக்கு ஆர்.டி.ஓ. வருகிறார். டெண்டாயின் ம்பிராதான் முதல் உருப்படி. அதை ஒரு பாதிச் சுரைக்குடுக்கைக்குள் வைத்து வாசிப்பார். குடுக்கையின் விளிம்பில் வரிசையாகக் கிளிஞ்சல்கள் கட்டியிருக்கும்.

ஐந்தரைக்கு டெண்டாய் மேடைக்கு வந்து வாத்தியத்தை எடுத்தார். அப்படியே கீழே வைத்துவிட்டார். விளிம்பில் ஒரு கிளிஞ்சல்கூட இல்லை. மைக் செட் சவரிமுத்து அண்ணன் முகம் நிறையச் சந்தோஷத்தோடு வந்தார். மத்தியானம் சோதித்தபோது 'ஙொய்' என்று இரைச்சல் கேட்டதாம். பெட்டியைப் பிரித்து, வயரை மாற்றி, கடைசியில் இதுதான் காரணம் என்று கண்டுபிடித்து எல்லாவற்றையும் அறுத்துவிட்டார். கிளிஞ்சல்கள் குப்பையோடு நகராட்சி வண்டியில் போய்விட்டன.

"அந்த இரைச்சல் இல்லாவிட்டால் இது வெறும் பலகை" என்று டெண்டாய் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். நான் தமிழில் சொன்னேன். அதிகாரியோ, "அவரை விட்டுரு. முரசை மட்டும் அடிச்சு முடி. நோட்டீஸ்லயும் அதுதானே இருக்கு" என்றார். சவரிமுத்து அண்ணன் முகம் வெளுத்து என்னிடம் சொன்னார்: "தம்புராவுல ரீங்காரம் குடுக்கிற நூலை உருவுன மாதிரி பண்ணிட்டேனே. இருங்க தம்பி, கால் மணி நேரம் இழுத்துப் பிடிங்க." சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

கால் மணி நேரம்

ஆர்.டி.ஓ. வந்து உட்கார்ந்தார். அதிகாரி முரசைக் காட்டிச் சைகை செய்தார். முரசைத் தொடங்கச் சொன்னால் என் வேலை பிழைக்கும். டெண்டாய் வாசிக்காமலே ஊர் திரும்புவார். மைக்கைப் பிடித்தேன்.

நோட்டீசில் இருப்பது தவறு, அது தெரிந்தே அச்சுக்குக் கொடுத்தேன் என்றேன். இவை மூன்று நாட்டின் மூன்று இசை. அதில் ஒன்றை இன்று நாங்களே கெடுத்துவிட்டோம், சரிசெய்ய ஆள் போயிருக்கிறார் என்றேன். அன்னவாசலிலும் பொன்னமராவதியிலும் கேட்டதையெல்லாம் சொன்னேன். அதிகாரியின் பக்கம் திரும்பவே இல்லை.

சவரிமுத்து அண்ணன் வந்தார், இடுப்பில் ஒரு சுருக்குப்பையோடு. அவர் வீட்டில் தாயம் ஆடுகிற சோழிகள். முதுகு தேய்த்து ஓட்டை விழுந்தவை ஆகையால் நூல் கோக்க வழி தயாராக இருந்தது. டெண்டாயும் அவரும் மேடையிலேயே, எல்லார் கண் முன்பும் ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். டெண்டாய் ஒரு நாக்கை மீட்டினார். சோழிகள் அதிர்ந்து, அந்த ஒலி பந்தல் முழுக்கத் தேனீ போலச் சுற்றியது. டெண்டாய் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

முடிந்ததும் மூவரும் ரயிலேறினார்கள், சோழிகளும்தான். சவரிமுத்து அண்ணன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "வீட்டுல சோழி எங்கன்னு கேட்டா ரொடீஷியாவுலன்னு எப்படித் தம்பி சொல்றது?"

பத்து நாள் பயந்துகொண்டிருந்த பிறகு எனக்கு ஆறு மாத நீட்டிப்பு ஆணை வந்தது, 'ஆப்பிரிக்க முரசு நடனத்தைச் சிறப்புற நடத்தியமைக்காக' என்ற குறிப்போடு.