கரீமான் சமைத்துக் கொடுத்த விடுமுறை

மன்சூராவிலிருந்து கமாசா கடற்கரை ஒரு மணி நேர வழிதான். அலெக்ஸாண்ட்ரியாவுக்கெல்லாம் போக சப்ரியின் சம்பளம் இடம் கொடுக்காது. அதனால் அவன் குடும்பத்தார் ஒவ்வொரு கோடையிலும் கமாசாவில், கடலை விட்டு மூன்று தெரு உள்ளே, ஒரு வாரத்துக்கு இரண்டு அறை எடுப்பார்கள். ஓட்டலில் கை நனைப்பதில்லை. அடுப்பு, அரிசி, வெங்காயம், மெத்தை எல்லாம் வீட்டிலிருந்தே வேனில் ஏறும். கூடவே கரீமானும் ஏறுவாள்.

அவள் சப்ரியின் தங்கை. கல்யாணம் ஆகாமல் அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டவள். கமாசாவில் அவளுக்கு அடுப்படிதான். காலைப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் மற்றவர்கள் ஈரத்துணியும் மணலுமாகத் திரும்பி வந்து பசி என்பார்கள். ஒரே ஒரு தடவை இடுப்பளவு கடலில் இறங்கி நிற்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அண்ணி தஹானி அதை வைத்தே ஒரு வருஷம் சிரிப்பாள்.

இந்த வருஷம் கரீமானுக்கு ஒரு யோசனை வந்தது. ஒரு வாரச் சமையலையும் வீட்டிலேயே முடித்துவிட்டால், அங்கே பொழுதெல்லாம் மிச்சம். திராட்சை இலையில் அரிசி வைத்துச் சுருட்டினாள். வெண்டைக்காய்க் குழம்பு வைத்தாள். இறைச்சியை உருட்டிப் பொரித்தாள். எல்லாவற்றையும் டப்பா டப்பாவாக உறைய வைத்தாள்.

தஹானி ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தாள். "அடியே, உனக்கு மூளை இருக்குன்னு யாருமே என்கிட்ட சொல்லலையே" என்றாள். கரீமானும் சேர்ந்து சிரித்தாள்.

கிளம்புகிற அன்று காலை வேனில் அவளுடைய இடத்தில் தஹானியின் தங்கை ஸுஹைர், கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள்.

"அதான் எல்லாம் செஞ்சாச்சே" என்றாள் தஹானி. "அங்க வந்து நீ என்ன பண்ணப்போற?"

கரீமான் அண்ணனைப் பார்த்தாள். அவன் வேன் மேல் மெத்தையைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"கடல்ல இறங்கலாம்னு..." வாய் தவறி வந்துவிட்டது.

தஹானி வேன் பக்கம் திரும்பினாள். "கேட்டீங்களா? மகாராணிக்குக் கடல்ல இறங்கணுமாம்."

பிள்ளைகள்தான் அதிகம் சிரித்தார்கள். அவள் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி வளர்த்த பிள்ளைகள். அலை அத்தையைப் பார்த்துப் பயந்து ஓடிவிடும் என்றான் பெரியவன்.

சப்ரி கயிற்றை இறுக்கினான். இந்தப் பக்கம் திரும்பவில்லை. "வீட்டையும் ஒருத்தர் பாத்துக்கணுமில்ல, கரீமான்."

ஐஸ் பெட்டியை அவளே தூக்கி வந்து வேனில் வைத்தாள்.

மத்தியானம் போன் அடித்தது. வெண்டைக்காயை எவ்வளவு நேரம் சூடு பண்ணுவது என்று தஹானி கேட்டாள். அவள் குரலுக்குப் பின்னால் பிள்ளைகளின் கூச்சலும் அலையின் இரைச்சலும் வந்தன. சின்னத் தீயில் வைக்கணும், கொஞ்சம் தண்ணி தெளிக்கணும், கிளறினால் குழைந்துவிடும் என்று கரீமான் ஒவ்வொன்றாக, மெதுவாகச் சொன்னாள். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக.

"போதும் போதும்" என்றாள் தஹானி. "இந்த ஏற்பாடு நல்லாத்தான் இருக்கு. இனிமே வருஷா வருஷம் இப்படியே செஞ்சு குடுத்துடு."

"சரி அண்ணி."

"உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலா போட்டுட்ட" என்று சொல்லிவிட்டு தஹானி போனை வைத்தாள்.